எமிலின் மட்டை

12.03.2024, செவ்வாய்

கடிதத்தில் ஒரு திகதியை நானாகவே எழுதிவிட்டேன். சின்னப் பிழை. சரியாகச் சொன்னால், இன்று பின்னேரம் ஐந்தரை மணி வரை அதைப் பிழை என்றே நினைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் என் வேலை அப்படி. இரத்தம் எடுத்த குழாயில் ஒட்டும் துண்டில் பெயர், வயது, திகதி, நேரம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஒன்று வெறுமையாக இருந்தாலும் குழாய் திரும்பி வந்துவிடும். இரண்டு வருடமாக அந்தக் கட்டங்களை நிரப்பிப் பழகிய கையால், சிமியோன் அண்ணை சொல்லாமல் விட்ட ஓர் இடத்தை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை.

செவ்வாயும் வியாழனும் பட்டினத்தில் எங்களுக்குச் சிங்கள வகுப்பு. பதினொரு பேர் படிக்கிறோம். பத்துப் பேர் அரசாங்க வேலைக்குத் தேவை என்று வருகிறோம். பதினோராவது ஆள் சிமியோன் அண்ணை. வயது ஐம்பது. குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். வாங்கில் எங்களோடு இடித்துக்கொண்டு உட்காருவார். கையை எவ்வளவு கழுவினாலும் அவருடைய கொப்பி மண்ணெண்ணெய் மணக்கும். பெர்னடெட் ரீச்சர் அவரை அண்ணை என்று கூப்பிடுவதால் எங்களுக்கும் அவர் அண்ணையாகிவிட்டார். முதல் நாள் எங்களோடு படிக்கும் கஜானன், "அண்ணை எந்த டிப்பார்ட்மென்றுக்குப் போடப்போறியள்?" என்று பகிடியாகக் கேட்டான். "கடல் டிப்பார்ட்மென்றுக்குத்தான் தம்பி. அங்கை ஓய்வூதியமும் இல்லை, ஓய்வும் இல்லை" என்றார். ஆனால் ரீச்சர் கிழமை நாட்களைச் சொல்லச் சொன்னபோது, எழுத்து ஒன்றும் தெரியாத அவர்தான் ஏழு நாளையும் தடங்காமல் சிங்களத்தில் சொன்னார். எங்கே பழகினீர்கள் என்று ரீச்சர் கேட்டார். "ஒரு ஆளிட்டை" என்று மட்டும் சொன்னார்.

மார்கழியில் ஒருநாள் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போது என்னை மறித்தார். "தர்சினி, உம்மடை எழுத்து நேராய் இருக்கு. எனக்கொரு கடுதாசி எழுதித் தருவீரோ?"

அவர் சொன்னது அதிகம் இல்லை. இருபது இருபத்தொரு வயதில் இயக்கத்தில் இருந்தாராம். உரும்பிராயில் ஒரு வீட்டில் கைதியாக வைத்திருந்த கடற்படைக்காரன் ஒருவனுக்குக் காவல் நின்றாராம். பெயர் எமில். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையில் ஒரு மீன்பிடிக் கிராமம். குடும்பப் பெயர் வர்ணகுலசூரிய. அந்தக் கரையில் பாதிப்பேருக்கு அதுதான் பெயர் என்று ரீச்சர் பிறகு சொன்னார். அவனுடைய கோயில் திருநாளை மட்டும் சிமியோன் அண்ணை மறக்கவில்லை. கிழக்குக் கரையில் வாடிக் குடில் போட்டு மீன் தொழில் செய்யும் ஆம்பிளைகள் திரும்பி வந்த பிறகு, ஒக்டோபர் முதல் ஞாயிறு. அதை வைத்து ரீச்சர் விசாரித்து, மூன்று கோயில்களின் விலாசம் எடுத்துத் தந்தார். மூன்று பங்குத்தந்தைகளுக்கும் சிங்களத்தில் ஒரே கடிதம்: உரும்பிராயில் எமிலுக்குக் காவல் நின்றவன் நான். இடம்பெயர்ந்து போய், பிறகு கிளாலியில் அவரை வள்ளத்தில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு காணவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வேண்டும்.

"எண்டைக்கு வள்ளத்திலை ஏறினவர்?" என்று கேட்டேன்.

"திகதி தெரியாது பிள்ளை. அதை விடும்."

நான் விடவில்லை. வீட்டில் நல்ல தாளில் பார்த்தெழுதும்போது அந்த இடம் என்னை உறுத்தியது. 30.10.1995 என்று எழுதினேன். நான் பிறப்பதற்கு நான்கு வருடத்துக்கு முந்திய திகதி. ஆனால் எங்கள் வீட்டில் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அந்த நாளில்தான் வந்து நிற்கும். வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்துபோன நாள். நடந்ததும் வள்ளம் ஏறியதும் ஒரே நாளாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவரால் சிங்களம் வாசிக்க முடியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

இன்று ஒரு பங்குத்தந்தையிடமிருந்து பதில் வந்தது. வகுப்பு தொடங்குமுன் ரீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஒரு வரி சிங்களத்தில் வாசிப்பதும் ஒரு வரி தமிழில் சொல்வதுமாகப் போனார். எங்கள் பங்கில் எமில் என்று ஒருவர் இருந்தார். கடற்படையில் சேர்ந்து 1994இல் காணாமல் போனவர். தாய் இறந்துவிட்டார். தங்கை இருக்கிறார். செஞ்சிலுவைச் சங்கத்தினூடாக எமில் எழுதிய ஒரு தாள் அவரிடம் உண்டு. 1995 நத்தாருக்கு, டிசம்பர் 25 அன்று, எழுதியது. அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'முதலில் இருந்த அதே காவல்காரப் பொடியன்தான் இப்போதும் என்னோடு நிற்கிறான். இன்றைக்கு என்ன நாள் என்று காலையில் என்னிடம்தான் கேட்பான்.' அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நத்தாருக்கும் அதே காவல்காரனோடு இருந்தவரை ஒக்டோபரில் வள்ளத்தில் அனுப்பியதாக நீங்கள் எழுதுகிறீர்கள். ஆகவே நீங்கள் அந்த ஆள் இல்லை. செய்தி இருக்கிறது என்று சொல்லி முன்பும் சிலர் இந்த வீட்டுக்கு வந்தார்கள். தயவுசெய்து இனி எழுத வேண்டாம் என்று தங்கை கேட்கிறார்.

ரீச்சர் தாளை மடித்தார். சிமியோன் அண்ணை, "அந்த நாள் கேக்கிற வரியை இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றார். ரீச்சர் வாசித்தார். "சிங்களத்திலை" என்றார். ரீச்சர் சிங்களத்தில் வாசித்தார். அவர் எழுந்து கொப்பியை வாங்கிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். சைக்கிள் வாசல் படலையில் முட்டிய சத்தம் கேட்டது.

அந்தத் திகதி என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று இங்கே எழுதலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. ரீச்சர் பக்கத்தில் நின்றார், வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த நாளிலேயே அவவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் தம்பி பஞ்சலிங்கம் மாமாவை 1996இல் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பத்தொன்பது வயது. பிறகு ஒருவரும் காணவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி இல்லை. திதி இல்லாததால் வீட்டில் திவசம் செய்ததில்லை. இறக்கிய நாளையே வைத்துச் செய்யலாம் என்று ஐயர் சொன்னபோது, "இறக்கேக்கை உயிரோடைதானே நிண்டவன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டா.

"எங்கடை தம்பிக்கும் ஆரோ ஒருத்தன் காவல் நிண்டிருப்பான்தானே" என்றா அம்மா, துருவலைப் பார்த்தபடி. "அவனுக்கும் இப்ப ஐம்பது வயசு வந்திருக்கும். அவன் ஏன் எனக்கு எழுதேல்லை?"



15.03.2024, வெள்ளி

நேற்று சிமியோன் அண்ணை வகுப்புக்கு வரவில்லை. இன்று வேலை முடிந்ததும் அவருடைய கொப்பியை எடுத்துக்கொண்டு நேராகக் குருநகருக்குப் போனேன். வழி நெடுக, சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். படலையில் லூர்த்தம்மா அன்ரி நின்றா. அவருடைய மனைவி.

"நீர்தானே அந்த நேரெழுத்துப் பிள்ளை? வாரும். ஆள் ரெண்டு நாளாய் ஒரு எஞ்சினைக் கழட்டுறதும் பூட்டுறதும்தான். அந்த எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லை, பாவம். வெள்ளிக்கிழமை, வீட்டிலை மீனும் இல்லை. பிளேன்ரீதான் தருவன்."

பின்முற்றத்தில் மண்ணெண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அவர் குந்தியிருந்தார். மூன்று விதமும் மறந்துபோய், நான்காவது விதமாக, "அண்ணை, அந்தத் திகதி நான் போட்டது" என்று சொன்னேன்.

 அவர் கையிலிருந்த நட்டுச் சுரையைத் துடைத்து, சட்டி விளிம்பில் வைத்தார்.

"தெரியாதெண்டு சொன்னனான்தானே பிள்ளை."

"ஓம்."

"தெரியாதெண்டதை அப்பிடியே எழுதியிருக்கலாமே."

"ஓம் அண்ணை."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கொப்பியை வைத்துவிட்டுப் புறப்படலாமா என்று நிற்கையில், "அது நான்தான்" என்றார். "காலமை நாள் கேக்கிறது." பிறகு, யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாதபடி, சட்டியைப் பார்த்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினார். நான் குறித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுகிறேன். விட்டுப்போனதை இந்தமுறை நிரப்பவில்லை.

உரும்பிராயில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வீடு. எமிலோடு கதைக்கக்கூடாது என்பது கட்டளை. கதைக்க ஒன்றும் இருக்கவில்லை என்றார். அவன் ஒரு கால் சங்கிலியோடு அறையில், இவர் வாசலில். மூன்று மாதம் அப்படியே போனது. ஒருநாள் மத்தியானம் இறைச்சிக் கறியோடு சோறு வந்தது. அந்த வீட்டில் அது அபூர்வம். எமில் சோற்றுக் கோப்பையைக் கையால் தள்ளி வைத்தான். இவர் திரும்பவும் நகர்த்தினார். அவன் திரும்பவும் தள்ளினான். உண்ணாவிரதம் தொடங்கிவிட்டான் என்று இவர் மேலிடத்துக்கு அறிவித்தார். வந்தவர்கள் எமிலை யன்னல் இல்லாத பின்னறையில் போட்டு, தண்ணீரையும் நிறுத்தினார்கள். அவன் விட்ட கறியை இவர் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கதவுக்கு உள்ளேயிருந்து எமில் தமிழில் சொன்னான்: "வெள்ளி. தவக்காலம்." அவனுடைய தாய் செபம் சொல்வது தமிழில்தானாம், அந்தக் கரையில் பழைய ஆட்கள் அப்படி. அவனுக்கு அந்த அளவுக்குத் தமிழ் இருந்தது.

"நான் குருநகரிலை பிறந்தவன், பிள்ளை. தவக்காலத்து வெள்ளியிலை எங்கடை வீட்டுச் சட்டியிலை மீன்கூட ஏறாது. இயக்கத்துக்குப் போய் எனக்கு நாள் கிழமை ஒண்டும் இல்லாமல் போச்சுது. சங்கிலியோடை இருந்தவன் நாளை வைச்சிருந்தான். நான் அண்டைக்கு இறைச்சி திண்டிருக்கிறன். அதுவும் அவன்ரை இறைச்சி."

கதவருகில் சாய்ந்து நின்ற லூர்த்தம்மா அன்ரி, "உதைச் சொல்லத்தான் மனுசனுக்கு இருபத்தெட்டு வருசம்" என்றா. குரலில் பகிடி இருந்தது, முகத்தில் இல்லை.

எமில் ஆணியால் சுவரில் கீறி நாள் வைத்திருந்தானாம். அடுத்த கிழமை இவர் ஒரு கோதுமை மா அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த மட்டையையும் ஒரு நீலப் பேனையையும் கொடுத்தார். கூரான சாமான் கைதியிடம் இருக்கக்கூடாது. பேனையைக் கொடுத்த நாள் முழுவதும் பயமாக இருந்ததாம். எமில் சுவரில் இருந்ததை மட்டையில் இறக்கிவிட்டுப் பேனையைத் திருப்பித் தந்தான். ஒவ்வொரு காலையும் வாங்குவான், ஒரு கோடு போடுவான், திருப்பித் தருவான். "எமில், இண்டைக்கு என்ன நாள்?" என்று இவர் கேட்பார். முதலில் நம்பவில்லை. ஞாயிறு என்று அவன் சொன்ன காலையில் தூரத்தில் எங்கோ கோயில் மணி கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தார். கேட்டது. நாலு ஞாயிறு பார்த்த பிறகு மணியைக் கவனிப்பதை விட்டுவிட்டார். கிணற்றடிக்குப் போகும்போது சங்கிலியைக் கழற்றினார். காய்ச்சலோடு வாசலில் நித்திரையாகிப் போன ஒருநாள், சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டு எமில் பலமாக இருமி அவரை எழுப்பிவிட்டான். காவலில் நித்திரை கொள்பவனுக்கு என்ன தண்டனை என்று எமிலுக்கும் தெரிந்திருந்தது.

பிறகு அந்த முப்பதாம் திகதி. மழை. எமிலுக்குக் கட்ட ஒரு சாரமும் தலையில் ஒரு மூட்டையும் கொடுத்து, சனத்தோடு சனமாகக் கூட்டிப்போனார். நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில் கை விட்டுப் போயிற்று. கூப்பிட முடியாது, சிங்களப் பெயர் இல்லைதான், ஆனாலும் பதில் சொன்னால் அவன் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். பாலம் கடந்து வந்தபோது, அங்கால் கரையில் ஒரு கட்டையில் எமில் இருந்தான். மடியில் யாருடையதோ ஒரு கைக்குழந்தை. தாய் பக்கத்தில் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "எங்கை போனது?" என்று எமில் இவரை ஏசினானாம்.

"ஓடியிருக்கலாம் பிள்ளை. அவன் என்னைத் தேடிக்கொண்டு இருந்தவன்."

அதற்குப் பிறகு தென்மராட்சியில், கொடிகாமத்துப் பக்கம் ஒரு வீட்டில் மாதக்கணக்கு. நத்தார் அங்கேதான். சண்டை அங்கேயும் வரப்போகிறது என்றதும், கைதிகள், காவல்காரர் எல்லோரையும் கிளாலியில் வள்ளமேற்றி வன்னிக்கு அனுப்பச் சொன்னார்கள். செக்கல் நேரம், இருட்டிக்கொண்டு வந்தது. எமிலின் கைகள் கட்டியிருந்தன. வள்ளத்தில் கைகட்டி ஒருவரையும் ஏற்றக்கூடாது என்று சிமியோன் அண்ணை பொறுப்பாளரோடு சண்டை பிடித்தார். கவிழ்ந்தால் என்ன செய்வான் என்று கேட்டார். கடைசியில் தானே அவிழ்த்துவிட்டார். அவரும் அதே வள்ளத்தில் ஏற வேண்டியவர். அவருடைய தாய் கொடிகாமத்தில் ஒரு மரத்தின் கீழ் காய்ச்சலோடு கிடந்தார். கால் ஏறவில்லை. இரண்டு அடி பின்னால் வைத்தார், சனத்துக்குள் நின்றார். எமில் வள்ளத்தில் இருந்தபடி அதைப் பார்த்தான். எழுந்து, சேட்டுக்குள்ளிருந்து மட்டையை எடுத்து, எட்டி இவர் கையில் கொடுத்தான். "தண்ணி பட்டால் அழியும். நீ வை." பிறகு பொறுப்பாளர் தலை எண்ணினார். "சிமியோன் எங்கை?" என்று கேட்டார்.  எமில்தான் சொன்னான்.

"பின் வள்ளம். ஏறினது. நான் கண்டது."

எஞ்சின் இழுத்தார்கள். போய்விட்டது.

"அக்கரையிலை பின் வள்ளம் வந்திருக்கும். அதிலை நான் இல்லை. அவன் பொய் சொன்னது தெரிஞ்சிருக்கும். அதுக்கு அவனுக்கு என்ன செய்தாங்களோ. உயிரோடை இருக்கிறானோ எண்டு எழுதச் சொன்னன்தான். ஆனா நான் கேக்கிறது அதில்லை. என்னாலை என்ன நடந்தது எண்டதைத்தான்."

லூர்த்தம்மா அன்ரி உள்ளே போய், பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மட்டை பழுப்பாகியிருந்தது. நீலக் கோடுகள். ஆறு கோட்டுக்கு ஒரு சிறிய சிலுவை. அங்கங்கே சில கோடுகளைச் சுற்றி வட்டம். இரண்டு இடத்தில் சிலுவை பெரிதாக, மை அழுந்தி இருந்தது. "இதை ஏன் நீங்கள் எண்ணிப் பார்க்கேல்லை?" என்று கேட்டேன். "எங்கை தொடங்கினதெண்டு தெரியாமல் என்னத்தை எண்ணுறது?" என்றார். ஆனால் வட்டங்களைப் பார்த்ததும், "உது தவக்காலத்து வெள்ளியள். பெரிசு உயிர்த்த ஞாயிறு" என்றார்.

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது. போனில் பழைய கலண்டரை எடுத்தேன். 1995இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் பதினாறு. அடுத்த வருடம் ஏப்ரல் ஏழு. இடையில் ஐம்பத்தொரு கிழமை. மட்டையில் இரண்டு பெரிய சிலுவைகளுக்கும் இடையில் எண்ணினோம். லூர்த்தம்மா அன்ரி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புளியங்கொட்டை வைத்தா. ஐம்பத்தொன்று. முதல் வட்டம் அறுபத்திரண்டாவது குறி. அது 1995 மார்ச் மூன்றாம் திகதி, தவக்காலத்தின் முதல் வெள்ளி. கோப்பையைத் தள்ளிய நாள். அதற்குப் பிறகு இரண்டு குறி, யன்னல் இல்லாத அறை. பின்னோக்கிப் போனால் தொடக்கம் ஜனவரி முதலாம் திகதி, ஞாயிறு. முழுவதையும் நான் மூன்று தடவை எண்ணினேன். முதல்முறை 472 வந்தது. பிறகு இரண்டு முறையும் 473. நான்காம் முறை அவர் தன் விரலை வைத்துத் தானே எண்ணினார். 473. கடைசிக் கோடு 17.04.1996, புதன்கிழமை.

"புதனோ" என்றார். திரும்பவும், "புதன்" என்றார், சிங்களத்தில்.

16.03.2024, சனி

காலையில் ரீச்சர் வீட்டிலிருந்து பங்குத்தந்தைக்குப் போன் எடுத்தோம். ரீச்சர் கதைப்பதாகச் சொன்னார். நான் எழுதியதை நானே சொல்கிறேன் என்றேன். என் சிங்களம் பாதி வழியில் இரண்டு தடவை நின்றது. கடிதத்தில் இருந்த திகதி அவர் சொன்னதில்லை, எழுதிக் கொடுத்த நான் போட்டது. அவரிடம் எமில் நாள் குறித்த மட்டை இருக்கிறது. உண்மையான நாள் 1996 ஏப்ரல் பதினேழு. அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பங்குச் சுவாமி, "நத்தாருக்குப் பிறகு நாலு மாதம்" என்றார், தனக்குள் சொல்வதுபோல. தங்கையிடம் போவதாகச் சொன்னார்.

நாலு மணிக்குச் சுவாமியே போன் எடுத்தார். தங்கை இன்னும் நம்பவில்லை. ஆனால் மட்டையின் படத்தை அனுப்பச் சொல்கிறார். சின்ன வயதில் தகப்பன் வாடிக்குப் போகும்போதெல்லாம் எமில் கதவின் பின்பக்கத்தில் நாள் கீறுவானாம். அந்தக் கதவு இன்னும் வீட்டில் இருக்கிறது. அவனுடைய கோடென்றால் எனக்குத் தெரியும், என்றாராம். படத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து, பத்து மணிக்கு எடுப்பார். எடுக்காவிட்டால் அது அவனில்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குருநகருக்குப் போய்ச் சொன்னேன். சிமியோன் அண்ணை சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"அவ எடுத்தால் எமில் சொன்ன பொய்யைச் சொல்லுறதோ?" என்று கேட்டார்.

"சொல்லாட்டி என்னத்துக்கு எடுக்கிறது?" என்றா லூர்த்தம்மா அன்ரி. "சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கவோ?"

"சொன்னால் போனை வைச்சிடுவா. என்ரை தமையனைக் கொன்றது நீதான் எண்டு நினைப்பா."

"நீங்கள் அப்பிடித்தானே நினைக்கிறியள். இனி ரெண்டு பேராய் நினைக்கிறதுதானே."

அவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வசனம் ஆயத்தமாக இருந்தது. சிங்களத்திலும் இருந்தது. சொல்லவில்லை. "நீங்கள் சொல்லுறதை நான் சொல்லுவன், அண்ணை. சொல்லாததைச் சொல்லமாட்டன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மற்றக் கன்னத்தை மழிக்கத் தொடங்கினார். மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். படம் எடுத்துவிட்டு நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார். அதை அவர் வீட்டை விட்டு வெளியே விடுவது இதுதான் முதல்முறை என்று அன்ரி படலையில் வைத்துச் சொன்னா. சைக்கிளில் வரும்போது ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அதை மேசையில் வைத்தேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தா. தொடவில்லை. குனிந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனா. கடைசி வரியில் ஒரு சிலுவையும் மூன்று கோடும்.

"இதுக்குப் பிறகு?"

"ஒண்டுமில்லை அம்மா. வெறும் மட்டை."

அம்மா அந்த வெறும் இடத்தின் மேல் விரலைக் கொண்டுபோனா, தொடாமல் நிறுத்தினா. "அந்தப் பிள்ளைக்கு நாலு மாசம் கூடக் கிடைச்சிருக்கு" என்றா. தங்கையைச் சொல்கிறா என்று விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு அடுக்களைக்குப் போய்விட்டா. விளக்கு மாடத்தில் மாமாவின் படத்துக்கு இன்றும் பொட்டு வைத்திருக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களின் படத்துக்குப் பொட்டு வைப்பதில்லை என்று எங்கள் வீட்டில் எப்போதும் வைப்பதில்லை. அதை இன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல நின்று பார்த்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். நீலம் கறுப்பாக விழுகிறது. கீழ் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.

நாளை ஞாயிறு. ஆறரைக்கு, வெயில் சுள்ளென்று ஏறுமுன், கிணற்றுக் கட்டின் மேல் வெள்ளைத் துணி விரித்து மட்டையைத் திரும்பப் படமெடுக்க வேண்டும். ஏழு மணிக்கு முன் சுவாமிக்கு அனுப்ப வேண்டும். போனை நிறையச் சார்ஜ் போட வேண்டும். ஒன்பதரைக்குக் குருநகரில் இருக்க வேண்டும். படத்தில், கடைசிக் கோட்டுக்குக் கீழே உள்ள வெறும் இடமும் முழுதாக வரவேண்டும்.